பழைய ஹெரால்டை யார் கையில் கொடுப்பது?

தேவகோட்டை வாசகர், 2025 பிப்ரவரி 11

ஐயா வாங்கிய 1964 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு கார். 1989-லிருந்து பின்கட்டு கார் ஷெட்டில் நிற்கிறது. விற்கலாமா வைக்கலாமா என்று இழுத்துக்கொண்டே இருந்த பங்காளிகள் நான்கு பேரும் இப்போதுதான் ஒத்துக்கொண்டார்கள். பழையபடி ஓட வைக்க வேண்டும். காரைக்குடியில் ஒரு மெக்கானிக் மூன்று மாதத்தில் இரண்டு லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். சென்னையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் போட்டோவை மட்டும் பார்த்து எட்டு லட்சம் என்கிறார்கள். மைத்துனரோ மாருதி இன்ஜினைப் போட்டு ஏசியும் வைத்துவிடு என்கிறார். பெரிய இடத்தில் கொடுத்தால் கவலை இல்லை என்பது என் எண்ணம். சரிதானா?

பள்ளத்தூரிலிருந்து பதில், பிப்ரவரி 11, இரவு

சரியில்லை தம்பி. இடம் பெரிதா சிறிதா என்பதை வைத்து எதுவும் தெரியாது. நானும் பள்ளத்தூரில் ஒரு ஹெரால்ட் வைத்திருக்கிறேன், 1965, அப்பச்சி, அதாவது என் அப்பா, வாங்கியது. நான் முதலில் கொடுத்தது பெரிய இடம்தான். பளபளவென்று தரை, ஏசி அறை, சுவரெல்லாம் போட்டோ. அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். வண்டி போய் இறங்கிய அன்றைக்கே புது பாட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். 22 வருடம் நின்ற இன்ஜின் அது. பிஸ்டன் ரிங்குகள் துரு ஏறி போரோடு, அதாவது சிலிண்டரின் உள்சுவரோடு, ஒட்டிக் கிடந்தன. இரண்டாவது சிலிண்டரில் ரிங் உடைந்து போர் முழுக்கக் கீறிவிட்டது. அப்புறம் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தும் ரீபோர், அதற்கு ஓவர்சைஸ் பிஸ்டன், அந்த பிஸ்டனைத் தேடி ஏழு மாதம்.

அதனால் ஆளைத் தேடுவதற்கு முன் ஒரு வேலை. யார் வந்தாலும் பாட்டரி மாட்ட விடாதீர்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் இன்ஜின் முன்பக்கத்துக் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் மறுபடி ஆயில், மறுபடி ஒரு வாரம். 36 வருடம் நின்ற வண்டிக்கு ஒரு மாதம் ஒன்றுமே இல்லை.

வண்டி பார்க்க வருகிறவர் இதைத் தானாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சாவி எங்கே என்று முதலில் கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

பிப்ரவரி 12

நேற்றுச் சொல்லாமல் விட்டது, இதுதான் முக்கியம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முடித்து நிற்கும் வண்டியைத்தான் காட்டுவார்கள். அதைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. புதுப் பெயிண்டில் எல்லா வண்டியும் மாப்பிள்ளைதான். பாதி வேலையில் நிற்கும் வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய திருகெல்லாம் ஒரே பக்கெட்டில் குவிந்து கிடக்கிறதா, பெயர் எழுதிய டப்பாக்களில் இருக்கிறதா? துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் வைத்திருக்கிறார்களா, ஓட்டை மேல் துணியும் பட்டியும் (பள்ளத்தை நிரப்பும் பசை) அப்பி இழுத்திருக்கிறார்களா? வயரிங்கைக் கழற்றும்போது சீட்டு கட்டியிருக்கிறார்களா? எத்தனை வண்டி தூசி படிந்து நிற்கிறது, எவ்வளவு நாளாக? முடித்த வேலையில் இவ்வளவும் மறைந்துவிடும்.

முடித்த வண்டியைத்தான் காட்டுவேன் என்றால் சட்டைப் பையில் ஒரு சின்ன காந்தத்தைத் துணி சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள இடம், இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். பிடிக்க வேண்டிய இடத்தில் காந்தம் நழுவினால் பெயிண்டுக்கு அடியில் கனமாகப் பட்டிதான்.

மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்யும் சாண்ட் பிளாஸ்டிங் வசதி உள்ள இடமாகப் பாருங்கள். பழைய பெயிண்டையும் துருவையும் ஒரே நாளில் சுத்தமாக எடுத்துவிடும்.

பிப்ரவரி 12, மறுபடியும்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு அண்ணன், காந்தத்தோடு போனால் ஆளை அவமதிக்கிற மாதிரி ஆகாதா என்று கேட்டிருக்கிறார். ஆகாது அண்ணே. பிறகு என் வண்டியை முடித்துத் தந்த மதுரைப் பெரியவரிடம் நான் காந்தத்தை எடுத்தபோது, "செட்டியாரே, பின்பக்கம் இடது மூலையில வைங்க, அங்க மட்டும் கொஞ்சம் பட்டி இருக்கு, ஏன்னு சொல்றேன்" என்றார். வேலை தெரிந்தவருக்குக் காந்தம் ஒரு தொந்தரவு இல்லை.

பிப்ரவரி 15

மதுரைப் பெரியவர் யார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பெயரும் நம்பரும் பொதுவில் போட மாட்டேன். எழுபதைத் தாண்டியவர், வருடத்துக்கு இரண்டு வண்டிக்கு மேல் எடுப்பதில்லை. அவரை எப்படித் தேர்ந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் இடத்தில் அடிபட்ட பிறகு வண்டியின் ஒர்க்‌ஷாப் மானுவலை வாங்கி உட்கார்ந்து படித்தேன். ஹெரால்ட் பிறந்த கதையே விசித்திரம். 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வடிவமைத்தது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்து தர அந்தக் கம்பெனிக்கு ஆள் கிடைக்காமல், தனி சேசிஸ் (அடிச்சட்டம்) போட்டு அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டினார்கள். நம் ஊரில் 1961-லிருந்து சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். 948 சிசி இன்ஜின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

இதில் ஓர் இடம் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் நிற்கும் துண்டின் கீழ்முனையில் திருகு மரை போட்டு ஒரு பித்தளைக் கட்டி மாட்டியிருக்கும். ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் போடக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் இறங்காமல் வாயிலேயே அடைத்துக்கொள்ளும், உள்ளே தண்ணீர் தங்கி இரும்பை அரிக்கும், ஒரு நாள் அந்தத் துண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இடப்பக்கத்து மரை வேறு, வலப்பக்கத்து மரை வேறு, மாற்றி மாட்ட முடியாது.

அதனால் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "ட்ரன்னியனுக்கு என்ன விடுவீங்க?"

நான்கு பேர் கிரீஸ் என்றார்கள். பெரியவர், "தொண்ணூறு ஆயில். நிப்பிள் இருக்கேன்னு கிரீஸ் கன்னை வெச்சிருவானுங்க, அதுல எத்தனை வண்டி விழுந்திருக்கு தெரியுமா" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி ஒரு கேள்வி உண்டு. ஃபியட் 1100, மாரிஸ் மைனர், அம்பாசடர், எதுவாக இருந்தாலும் அந்த வண்டியை மட்டும் வைத்திருக்கிறவர்களிடம் போய் உங்கள் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்.

பிப்ரவரி 16

கோவையிலிருந்து ஒருவர் எழுதியது நியாயம். இருபத்தெட்டு வயது மெக்கானிக் ஹெரால்டைப் பார்த்திருக்கவே மாட்டான், அவனிடம் ட்ரன்னியன் கேள்வி கேட்டுத் தள்ளிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு வேலை எப்படி வரும் என்கிறார்.

ராத்திரி யோசித்தேன். அந்த நான்கு பேரில் ஒருவர் மட்டும் கிரீஸ் என்று சொல்லிவிட்டு, "நிச்சயமில்லை சார், மானுவல் இருந்தா குடுங்க, பார்த்துச் சொல்றேன்" என்றார். அவரை நான் மற்ற மூன்று பேரோடு சேர்த்தது தவறு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தேடிப் பார்க்கிறேன் என்கிற ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். தெரியாததைத் தெரிந்தமாதிரி சொல்கிறவர்தான் வண்டியைக் கொல்வார். கேள்வி அதேதான். பதிலை எடைபோடும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 23

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், விஷயம் இதேதான்.

எங்கள் வீட்டு வளவில், முற்றத்துச் சுவரில், 2009-இல் ஓரிடம் பூச்சு பெயர்ந்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தது, கை வைத்தால் பளிங்கு மாதிரி குளிரும். அவசரத்தில் ஒரு கொத்தனார் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டுப் போனார். ஒரே நாள் வேலை, சந்தோஷமாகக் கூலி கொடுத்தோம். மூன்று மழைக்காலம் போனதும் சிமெண்ட் வைத்த இடத்தைச் சுற்றி நாலடிக்குப் பூச்சு உப்பி விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுகிறது. ஈரம் பக்கத்தில் போய் நல்ல பூச்சைத் தள்ளுகிறது.

அப்புறம் வந்த கொத்தனார் முதல் நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். எங்கே டொக் என்று கேட்டதோ அங்கே கரியால் கோடு போட்டார். எது போனது, எது இருக்கட்டும் என்று சாயங்காலம் சொன்னார். பாதிக்கு மேல் இருக்கட்டும் என்றார். தன் கூலியைத் தானே குறைத்துக்கொண்ட மாதிரிதானே அது? ஆனால் அதைக் கேட்டதும் வீட்டையே அவரிடம் விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

மதுரைப் பெரியவரும் முதல் நாள் இப்படித்தான் ஒரு ஸ்குரூ டிரைவரோடு சேசிஸுக்கு அடியில் படுத்தார். குத்திக் குத்திப் பார்த்தார். ஹெரால்ட் சேசிஸில் நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் நீளும், பாடி அதன்மேல்தான் உட்காரும். முதலில் துருப்பிடிப்பது அந்தக் கைகள்தான். எட்டில் மூன்றை மாற்ற வேண்டும், மீதியைத் தொட வேண்டாம் என்றார். இதே வண்டிக்கு முதல் இடத்தில் முழு சேசிஸும் போச்சு என்று சொல்லியிருந்தார்கள்.

எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்ல ஆள் நிறைய. எதைத் தொடக் கூடாது என்று சொல்கிறவரைத் தேடுங்கள்.

மார்ச் 2

மைத்துனர் விஷயம். மாருதி இன்ஜின், ஏசி.

வண்டி உங்களுடையது, உங்கள் இஷ்டம். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் எழுதியுள்ள விவரம் கம்பெனி செய்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. இன்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் அனுமதி வேண்டும், ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்கிற ஒர்க்‌ஷாப்பை நம்பாதீர்கள். பார்த்துக்கொள்ளப் போவது அவர்கள் இல்லை.

இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்கள் 1964 வண்டிக்கு வயது சரி. மாருதி இன்ஜினை வைத்த அன்றைக்கு இந்தக் கதவு மூடிவிடும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆர்.சி. தவறிப்போன வண்டிக்கு இதுதான் நல்ல வழி. எடுத்துவிட்டால் தினம் காரைக்குடிக்குப் போய் வரலாம்.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வண்டியில் 13 அங்குல ரேடியல் டயர், சீட் பெல்ட், ஹெட்லைட்டுக்கு ரிலே எல்லாம் உண்டு. கழற்றினால் பழையபடி ஆகிவிடும் என்பதுதான் என் அளவுகோல். ஏசிக்காக முன்பக்கத் தகரத்தை வெட்டினால் அது திரும்பாது.

மார்ச் 3

நேற்று எழுதியதில் ஒரு பெரிய தவறு. திருத்துகிறேன், யாரும் அதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

விண்டேஜ் பதிவு எடுத்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்புக்குப் போய் வருவது, இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வாரா வாரம் பிள்ளையார்பட்டிக்குப் போக வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துத் தருவார்கள், வண்டியை நேரில் காட்ட வேண்டும்.

இன்னொரு வாசகர் பழைய நம்பர் போய்விடுமா என்று கேட்டிருந்தார். ஏற்கனவே பதிவான வண்டி விண்டேஜுக்கு மாறினாலும் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். விஏ என்று வரும் நம்பர் புதுப் பதிவுக்குத்தான்.

எந்த வழி என்பதை வேலைக்குக் கொடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நீங்கள் சொல்லும் வழிக்குத் தகுந்த மாதிரி வேலையை மாற்றுகிறவர்தான் விஷயம் தெரிந்தவர். சேசிஸ் நம்பர் அடித்த தகட்டை அவர் எப்படிப் பாதுகாக்கிறார் என்றும் பாருங்கள். பெயிண்டுக்காகக் கழற்றி எங்கேயோ வைத்துத் தொலைத்தால் அப்புறம் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான்.

மார்ச் 20

பணம்.

மூன்று மாதம், இரண்டு லட்சம் என்றவரைப் பற்றித் தம்பி மறுபடி கேட்கிறார். கழற்றிப் பார்க்காமல் யார் தொகை சொன்னாலும் அது ஊகம்தான், இரண்டு லட்சமானாலும் எட்டு லட்சமானாலும். பெரியவர் என்னிடம் மொத்தத் தொகையே சொல்லவில்லை. "கழட்டிப் பார்க்க பத்தாயிரம் குடுங்க. பார்த்துட்டு எழுதித் தர்றேன். பிடிக்கலைன்னா வண்டியைத் தூக்கிட்டுப் போங்க" என்றார். மூன்று வாரம் கழித்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். தகர வேலை, இன்ஜின், பிரேக், வயரிங், குஷன், பெயிண்ட் எல்லாம் தனித்தனி. ஒவ்வொரு வேலை முடிந்ததும் போய்ப் பார்ப்பேன், அதற்கு மட்டும் பணம். கடைசியில் 4,85,000 ஆனது, இரண்டு வருடம் ஐந்து மாதம். எழுதிக் கொடுத்ததைவிட 60,000 கூடியது. எதற்குக் கூடியது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு இருக்கிறது.

முதல் இடத்தில் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன். வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது அதில் ஒரு பைசா வரவில்லை. அது போகட்டும். போன வண்டியில் இருந்த பின்கண்ணாடி ரப்பர் பட்டையும் ஒரு சக்கர மூடியும் திரும்பி வரவில்லை. இருந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கல்யாணச் சாமானை ஒவ்வொரு கரண்டியாக எண்ணி எழுதி, பாத்திரத்தில் விலாசம் வெட்டி வைக்கிற ஊர் நம் ஊர். தேதி போட்டுப் பேரேடு எழுதி ஐந்தொகை எடுத்தவர்கள் நம் ஐயாக்கள். வண்டியை மட்டும் ஒரு சீட்டுகூட இல்லாமல் அனுப்பினேன். நீங்கள் அனுப்பும் முன் ஒரு நாள் உட்காருங்கள். உள்ளே, வெளியே, அடியில் என்று போட்டோ. திருகு முதல் கதவுப் பிடி வரை பட்டியல், இரண்டு பிரதி, இரண்டிலும் இரண்டு பேர் கையெழுத்து. பங்காளிகள் நான்கு பேருக்கும் ஒவ்வொரு நகல். கழற்றிய பழைய பாகம் எதையும் காயலான் கடைக்குப் போடக் கூடாது, எல்லாம் திரும்பி வர வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். மாற்றியது உண்மையா என்பது பழையதைக் கையில் வாங்கினால்தான் தெரியும்.

மார்ச் 21

பழைய பாகத்தை வைத்து என்ன செய்வது, காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்கவா என்று ஒருவர் கேட்கிறார். விற்காதீர்கள். புதிதாகச் செய்தது பொருந்தவில்லை என்றால் அளவு எடுக்க வேறு என்ன இருக்கிறது?

ஏப்ரல் 14

புத்தாண்டு அன்று பெரியவரைப் பார்க்கப் போனேன். இந்த இழையைப் படித்துக் காட்டினேன். சாண்ட் பிளாஸ்டிங் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

சேசிஸுக்கும் சக்கரத்துக்கும் சரி. பானெட், கதவு, டிக்கி மூடி மாதிரி மெல்லிய தகரத்துக்கு மணல் அடித்தால் நெளிந்துவிடும். அப்புறம் நெளிவை மறைக்கப் பட்டி இழுக்க வேண்டும். எதற்காக அடித்தோமோ அதற்கே வேலை வந்துவிடும். மெல்லிய தகரத்துக்கு பெயிண்ட் ரிமூவரும் கை வேலையும்தான். பிப்ரவரி 12-இல் எழுதியதை இப்படித் திருத்திப் படியுங்கள்: மெஷின் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எதற்கு அடிப்பீர்கள், எதற்கு அடிக்க மாட்டீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொன்னார். ஹெரால்டில் கதவு இடைவெளி சரியாக வருவது பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே வைக்கும் தகட்டுத் துண்டுகளால். எந்த போல்ட்டுக்கு அடியில் எத்தனை துண்டு இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் பாடியைத் தூக்கினால் அந்தக் கதவு திரும்ப ஒழுங்காகச் சாத்தாது. உங்கள் பட்டியலில் இதையும் சேருங்கள்.

மே 5

நிறம் பற்றி ஒரு கேள்வி வந்தது. வெளியே வெயிலில் வெளுத்ததைப் பார்த்து நிறம் கலக்காதீர்கள். டிக்கி பாய்க்கு அடியில், பின்சீட்டுக்குப் பின்னால், டேஷ்போர்டுக்குக் கீழே பாருங்கள். அங்கே வெயில் படாத அசல் நிறம் இருக்கும். எங்கள் வண்டி வெளிர்நீலம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பின்சீட்டைத் தூக்கினால் லேசாகப் பச்சை கலந்த நீலம். ஆத்தாவிடம், என் அம்மாவிடம், காட்டினேன். "ஆமா, இதுதான். கல்யாணத்துக்கு மறு வருஷம் வந்தப்ப இந்த நெறம்தான்" என்றார்கள். எண்பத்திரண்டு வயது. அறுபது வருடத்துக்கு முந்தைய நிறத்தைப் பார்த்த உடனே அடையாளம் சொன்னார்கள்.

டிக்கி மூடியின் உள்பக்கத்தில் அப்பச்சி ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் பென்சிலால் மீட்டர் எண்ணை எழுதி வைத்திருந்தார். 8,412-இல் தொடங்கி பதினேழு வரி. கடைசி எண்ணில் கை நடுக்கம் தெரியும். முதல் இடத்தில் அதையெல்லாம் தேய்த்துப் புதுசாக அடித்துவிடலாம் என்று என்னிடமே சொன்னார்கள், நானும் சரி என்று தலையாட்டினேன். அவர்கள் அந்த வேலைக்கு வரும் முன்னால் வண்டியை எடுத்துவிட்டது என் அதிர்ஷ்டம். பெரியவர் அந்த மூடியைப் பார்த்துவிட்டு, "இது யார் எழுத்து?" என்று கேட்டார். சொன்னேன். வெளிப்பக்கம் மட்டும் அடித்தார். உள்பக்கத்தைக் காகிதம் ஒட்டி மறைத்து அப்படியே விட்டுவிட்டார். நான் கேட்கவே இல்லை, அவராகச் செய்தது.

பழைய வண்டிக்காரர்களின் உலக அமைப்பான ஃபீவா டூரின் சாசனம் என்று ஒன்று வைத்தது. இருப்பதைக் காப்பாற்று, தேவைக்கு மேல் தொடாதே, செய்ததை எழுதி வை, இதுதான் அதன் சாரம். பெரியவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் செய்தது அதுதான்.

ஆகஸ்ட் 17

தேவகோட்டைத் தம்பி போட்டோ போட்டிருக்கிறார். மகிழ்ச்சி. நான் நினைத்த மாதிரி மதுரைக்கோ சென்னைக்கோ போகவில்லை. இன்ஜினும் பிரேக்கும் அதே காரைக்குடி மெக்கானிக்கிடம். ட்ரன்னியன் கேள்விக்கு அவர் தெரியாது என்று சொல்லி, மானுவலை வாங்கிப் போய், மறுநாள் வந்து பதில் சொன்னாராம். "தகர வேலை எனக்கு வராது, வேற ஆளைப் பாருங்க" என்றும் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் என்றதை வண்டியைக் கழற்றிப் பார்த்த பிறகு அவரே ஒன்றரை வருடமாக மாற்றியிருக்கிறார். இப்படிப்பட்டவர் சொன்னதைத்தான் மார்ச்சில் நான் ஊகம் என்று ஒரு வரியில் தள்ளினேன். நல்ல வேளை தம்பி நேரில் போய்ப் பார்த்தார்.

ஒரே ஆளே எல்லாம் செய்ய வேண்டும் என்பதில்லை. என் வண்டியிலும் இன்ஜின் ஒருவர், லேத் வேலை ஒருவர், குஷன் ஒருவர், பெயிண்ட் ஒருவர். ஆனால் வண்டிக்குப் பொறுப்பு ஒருவருடையதாக இருக்க வேண்டும். தகரக்காரர் மெக்கானிக்கைக் கை காட்டுவார், மெக்கானிக் பெயிண்டரைக் கை காட்டுவார். தம்பி, அந்தப் பொறுப்பு யாருடையது என்று இன்னும் எழுதவில்லை. காரைக்குடிக்காரர் ஏற்றுக்கொள்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள்தான்.

உதிரி பாகத்துக்கு: இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இன்னும் பாகம் செய்கிறார்கள். ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் வண்டியும் இதன் வழியில் வந்தது என்பதால் முன்பக்கப் பாகம் பல கிடைக்கின்றன. சுங்க வரியையும் கணக்கில் வையுங்கள். சென்னையில் பழைய வண்டிப் பாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடுவதாக இருந்தால் பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள், போட்டோ போதாது.

நவம்பர் 2

பெட்ரோல் பற்றி எழுத மறந்தே போனேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1964 வண்டியின் ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், கார்ப்புரேட்டர் வாஷர் எதுவும் அதற்காகச் செய்தவை அல்ல. ஊறி இளகிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயஃப்ரமும் போடச் சொல்லுங்கள். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்தப் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அப்படியே விட்டுவைக்காதீர்கள். மெக்கானிக்கிடம் இதைக் கேட்டீர்களா? அவர் முன்பே சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் நிம்மதி.

நவம்பர் 3

தம்பி இரவே பதில் போட்டுவிட்டார். மெக்கானிக் செப்டம்பரிலேயே ஹோஸ் மாற்றிவிட்டாராம், சீட்டிலும் எழுதியிருக்கிறார். பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். பழைய பாகம் ஐந்து பெட்டியில் வீட்டுக்கு வந்திருக்கிறது, எங்கே வைப்பது என்று பங்காளிகளுக்குள் பேச்சு.

வீட்டுக்குள் பெட்டகசாலையில் வையுங்கள், கார் ஷெட்டில் எலி இருக்கும். நான்காவது பெட்டியைத் தனியாக எடுத்து வையுங்கள் தம்பி. போட்டோவில் பார்த்தேன், பாடிக்கு அடியில் இருந்த தகட்டுத் துண்டுகள் அதில்தான் இருக்கின்றன. பாடி சேசிஸில் உட்காரும் அன்றைக்கு அவற்றோடு நீங்களும் ஒர்க்‌ஷாப்பில் இருங்கள்.